மார்க்குக்குக் காசு: கோத்தகிரிப் பக்கத்து ஒரு வீட்டின் கணக்கு

பின்னணி

கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும் ரோட்டை ஒட்டிய ஒரு சின்ன ஊர். அங்கே நான் சாயங்காலம் ட்யூஷன் எடுக்கிறேன். என்னிடம் வரும் அண்ணன் தங்கை இருவரின் வீட்டில் ஒரு கல்வியாண்டில் நடந்ததுதான் இது. அவர்களிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். ஆள் தெரியாமல் இருக்க ஒன்றிரண்டு விவரத்தை மாற்றியிருக்கிறேன்.

அப்பாவுக்கு முக்கால் ஏக்கர் தேயிலை, அது போக வாடகைக்கு ஒரு பிக்கப் வண்டி ஓட்டுகிறார். அம்மா பக்கத்து எஸ்டேட்டில் இலை பறிக்கப் போகிறார். வீட்டில் அப்பாயி இருக்கிறார், இலங்கையிலிருந்து கப்பல் ஏறி வந்த தலைமுறை. பையன் ஏழாம் வகுப்பு, பெண் நான்காம் வகுப்பு, இருவரும் அரசு உதவி பெறும் பள்ளியில். பையன் சராசரி, கணக்கு என்றால் மட்டும் பயம். பெண் யாரும் சொல்லாமலே படிப்பவள், கிளை நூலகத்திலிருந்து கதைப்புத்தகம் எடுத்து வந்து அடுப்படியில் உட்கார்ந்து வாசிப்பவள்.

சிறு தேயிலை விவசாயி வீட்டு வரவு எப்படி என்பதையும் சொல்லியாக வேண்டும், பின்னால் நடந்ததற்கெல்லாம் அதுதான் அடிப்படை. பச்சைத் தேயிலைக்குத் தேயிலை வாரியம் மாதா மாதம் விலை அறிவிக்கும், அது ஏலத்தில் தூள் என்ன விலைக்குப் போகிறது என்பதைப் பொறுத்து ஏறும் இறங்கும், ஃபேக்டரி பணம் கைக்கு வர சில சமயம் இன்னும் தள்ளும். நல்ல மழை பெய்து கொழுந்து குமியும் மாதத்தில் விலை படுத்துவிடும், விலை இருக்கும் மாதத்தில் பனி விழுந்து கொழுந்து கருகிவிடும். மாதச் சம்பளக்காரர் வீடு மாதிரி இங்கே ஒன்றாம் தேதி என்று ஒன்று கிடையாது.

போட்ட ஒப்பந்தம்

பள்ளி திறந்த ஜூனில் அப்பா ஒரு முடிவோடு இருந்தார். திருப்பூரில் இருக்கும் மச்சான் தன் மகளுக்கு மார்க் வாங்கினால் காசு கொடுக்கிறாராம், அவள் வகுப்பில் முதலாவதாம். இவர் ஒன்பதாம் வகுப்போடு நின்றவர், பிள்ளைகள் இலை மூட்டை தூக்கக் கூடாது என்பதில் உறுதியாக இருப்பவர். "எனக்குச் சொல்லிக் குடுக்கத் தெரியாது டீச்சர், காசாவது குடுக்கலாம்ல" என்றார். இதில் தப்பு சொல்ல எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. மார்க்குக்குக் காசு என்றதும் லஞ்சம், வியாபாரம் என்று முகம் சுளிப்பவர்கள் பெரும்பாலும் பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து படிக்க வைக்கத் தெரிந்தவர்கள், நேரமும் இருப்பவர்கள்.

ஒவ்வொரு தேர்விலும் ஒவ்வொரு பாடத்துக்கும் 90 அல்லது அதற்கு மேல் என்றால் 100 ரூபாய், 80 அல்லது அதற்கு மேல் என்றால் 50, அதற்குக் கீழே ஒன்றுமில்லை. சின்னவளுக்கு இதில் பாதி. மாதத் தேர்வு, காலாண்டு, அரையாண்டு எல்லாமே கணக்கில் சேரும். அப்பாயி மட்டும் சிரித்தார். அவர் காலத்தில் படிக்காவிட்டால் அடி, படித்தால் அதற்கும் மேல் தோட்ட வேலை.

ஜூலை முதல் செப்டம்பர் வரை கவனித்தவை

ஜூலைத் தேர்வில் பையன் தமிழில் 82, சமூக அறிவியலில் 85 வாங்கி 100 ரூபாய் சம்பாதித்தான். ஆகஸ்டில் தமிழ் 86, சமூக அறிவியல் 91, அறிவியல் சரியாக 80, மொத்தம் 200 ரூபாய். வீட்டில் ஒரே சந்தோஷம். மச்சானுக்கு போன் போனது.

நான் பார்த்தது வேறு. கணக்கில் ஜூலையில் 44, ஆகஸ்டில் 41. அவன் கணக்கு நோட்டைத் திறப்பதையே விட்டுவிட்டான். கேட்டேன், ஒளிக்காமல் சொன்னான்: "நாப்பதுல இருந்து எம்பதுக்கு எப்ப மிஸ் போறது? அந்த நேரத்துல சோசியல் ரெண்டு தடவ படிச்சா காசு." பையன் சொல்வதில் பிசகே இல்லை. ஒப்பந்தப்படி 44ஐ 79 ஆக்கினால் ஒரு பைசா கிடையாது, 79ஐ 80 ஆக்கினால் 50 ரூபாய். எந்தப் பாடத்துக்காக அப்பா இத்தனையும் ஆரம்பித்தாரோ அந்தப் பாடத்தைக் கைகழுவுவதுதான் லாபம் என்று ஒப்பந்தமே அவனுக்குச் சொல்லிக் கொடுத்தது.

காலாண்டில் அறிவியலில் அந்த 79 நிஜமாகவே வந்தது. பூவின் பாகங்கள் படத்துக்கு ஒரு மார்க் குறைத்திருந்தார்கள். இடைவேளையில் ஆசிரியர் அறை வாசலில் பேப்பரும் கையுமாக நின்று கெஞ்சியிருக்கிறான், ஆசிரியர் மசியவில்லை. அன்று சாயங்காலம் முழுக்க அந்த ஒரு மார்க்கைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தான், சூலகம் எது சூல்முடி எது என்று மாற்றிக் குறித்தது மட்டும் பேச்சில் வரவே இல்லை. பாடம் நடத்தும்போது "இது டெஸ்டுக்கு உண்டா மிஸ்" என்று கேட்பதும் இந்த மாதங்களில்தான் ஆரம்பமானது. இல்லை என்றால் பேனாவை மூடிவிடுவான்.

சின்னவள் கதை இன்னொரு விதம். அவள் எப்போதும் வாங்கும் மார்க்கைத்தான் வாங்கினாள், நாலு பாடத்தில் 90க்கு மேல், ஒன்றில் 80க்கு மேல். பாதி ரேட்டிலும் தேர்வுக்குத் தேர்வு 225 ரூபாய். கூடுதலாக ஒரு மணி நேரம்கூட உழைக்காமல் அண்ணனைவிட அதிகம் சம்பாதித்தாள். பணம் அப்பாயியின் வெற்றிலை டப்பாவில் சேர்ந்தது. அண்ணன் கிரிக்கெட் பந்துக்குப் பங்கு போட அவளிடம் 50 ரூபாய் கடன் வாங்கப்போக, 60 ஆகத் திருப்பித் தரணும் என்றிருக்கிறாள். அம்மாவுக்கு இது தெரிந்த அன்று இருவருக்கும் திட்டு. பையனுக்கு மனதில் பட்டது வட்டி இல்லை. "அவளுக்கு சும்மாவே வருது, நான் முட்டி மோதி வாங்கறேன்" என்றான். அதுவரை அவள் மார்க்கை அவன் கண்டுகொண்டதே கிடையாது.

இன்னொன்று, அப்போது நான் பெரிதாக நினைக்காவிட்டாலும் குறித்து வைத்திருந்தேன். சின்னவள் கதைப்புத்தகம் எடுத்து வருவது குறைந்துபோயிருந்தது.

பாக்கி விழுந்தது

அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டது. ரோட்டில் மண் சரிந்து வண்டி ஓட்டம் படுத்தது, இலை விலையும் கீழே. அக்டோபர்த் தேர்வுக்குப் பையனுக்கு 150, பெண்ணுக்கு 225 தர வேண்டும். "அடுத்த மாசம் சேத்துத் தரேன்" என்றார் அப்பா. நவம்பரில் பையனுக்கு 100, பெண்ணுக்கு 200. அதுவும் அடுத்த மாதத்துக்குப் போனது.

பையன் இதற்கு ஒரு கணக்கு வைத்திருந்தான். கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, மாதம், பாடம், மார்க், ரூபாய் என்று நாலு கட்டம், கீழே சிவப்பு மையில் "அப்பா பாக்கி 675". தங்கைக்கும் சேர்த்து அவனே எழுதியிருந்தான். கணக்கில் ஐம்பதைத் தாண்டாத பையனின் அந்தத் தாளில் ஒரு கூட்டல்கூடத் தப்பில்லை.

அரையாண்டு வந்தது. அவன் படிக்கவில்லை. அடம் பிடிக்கவில்லை, சண்டை போடவில்லை, புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தான். அப்பா சத்தம் போட்டபோது சொன்னானாம்: "கூலி நிறுத்துனா எஸ்டேட்ல யாராச்சும் மலைக்கு ஏறுவாங்களாப்பா?" அப்பாயி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்திருக்கிறார். அப்பாவுக்குச் சிரிப்பு வரவில்லை. தமிழ் 70, சமூக அறிவியல் 72, கணக்கு 38.

சிகாகோ பக்கத்துப் பள்ளிகளில் லெவிட், லிஸ்ட் முதலான பொருளாதார ஆய்வாளர்கள் செய்த பரிசோதனை ஒன்று இங்கே நினைவுக்கு வருகிறது, 2016ல் வெளியானது. தேர்வு முடிந்த கையோடு பரிசு கிடைக்கும் என்றபோது பிள்ளைகள் கூடுதலாக முயன்றார்கள். அதே பரிசு ஒரு மாதம் கழித்து என்றபோது பலனே இல்லை. தருவார்கள் என்பது உறுதியாகத் தெரிந்த இடத்திலேயே அப்படி. இங்கே தருவாரா என்பதே சந்தேகம்.

உட்கார்ந்து பேசியது

அரையாண்டு விடுமுறையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா, அம்மா, நான் மூவரும் பேசினோம். அப்பா ரேட்டைக் கூட்டலாமா என்றார். 90க்கு 200 என்றால் மறுபடி சூடு பிடிக்கும் என்பது அவர் எண்ணம்.

அம்மா அதுவரை இதில் வாய் திறந்ததில்லை. அன்று சொன்னார்: "கிலோவுக்குக் காசுன்னா கை தானா முத்தின இலைக்குத்தான் போகும். ரெண்டு இலை ஒரு மொட்டு பாத்துக் கிள்ளிட்டிருந்தா எடை எப்ப ஏறும்? இவனும் எடைக்குத்தான் பறிக்கிறான்." எஸ்டேட்டில் அளவுக்கு மேல் பறிக்கும் ஒவ்வொரு கிலோவுக்கும் தனிக் காசு உண்டு, கரட்டு இலையைக் கலந்தால் எடை போடுமிடத்தில் கணக்கப்பிள்ளையிடம் பேச்சு வாங்குவதும் உண்டு. நான் படித்து வைத்திருந்ததையெல்லாம்விட இதுதான் அப்பாவுக்கு உடனே புரிந்தது.

படித்ததையும் சொன்னேன். ரோலண்ட் ஃப்ரையர் என்ற பொருளாதாரப் பேராசிரியர் அமெரிக்க நகரங்களில் பள்ளிப் பிள்ளைகளுக்கு நிஜமாகவே பணம் கொடுத்துப் பார்த்து 2011ல் முடிவுகளை வெளியிட்டார். நியூயார்க்கில் தேர்வு மதிப்பெண்ணுக்குப் பணம், நான்காம் வகுப்புக்கு ஒரு தேர்வுக்கு 25 டாலர் வரை, ஏழாம் வகுப்புக்கு 50 டாலர் வரை. மதிப்பெண் நகரவில்லை. டாலஸில் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு புத்தகம் வாசித்து, அதைப் பற்றிய சின்னக் கேள்விகளுக்குப் பதில் சொன்னால் 2 டாலர். அங்கே வாசித்துப் புரிந்துகொள்வது முன்னேறியது, காசும் குறைவு. இன்னும் சம்பாதிக்க என்ன செய்வீர்கள் என்று நியூயார்க் பிள்ளைகளைக் கேட்டபோது கேள்வியைக் கவனமாகப் படிப்பேன், விடையைச் சரிபார்ப்பேன் என்ற மாதிரித்தான் சொன்னார்களாம். ஆசிரியரிடம் கேட்பேன், இன்னும் படிப்பேன் என்பது வரவில்லை. காசு வேண்டும் என்ற ஆசை இருந்தது, மார்க் எங்கிருந்து வருகிறது என்பதுதான் தெரியவில்லை. நம் பையன் கணக்கில் நின்றதும் அதே இடத்தில்தான். எண் கோட்டில் பூஜ்யத்துக்கு இடப்பக்கம் என்ன நடக்கிறது என்று புரியாதவனுக்கு 200 ரூபாய் தருகிறேன் என்றால் மட்டும் புரிந்துவிடுமா?

அம்மாவுக்கு எல்லாவற்றையும் ஒரேயடியாக நிறுத்திவிட வேண்டும். எனக்கு அதில் தயக்கம் இருந்தது. இஸ்ரேலின் ஹைஃபாவில் குழந்தைகள் காப்பகங்களில், பிள்ளையை அழைத்துப்போகத் தாமதமாக வரும் பெற்றோருக்கு அபராதம் போட்டுப் பார்த்தார்கள். க்னீஸி, ருஸ்டிசினி என்ற இருவரின் ஆய்வு, 2000ல் வந்தது. அபராதம் வந்ததும் தாமதம் கூடியது. அபராதத்தை எடுத்த பிறகும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. ஒரு விஷயத்துக்கு விலை போட்டுவிட்டால், விலையை எடுத்த மறுநாளே விலை போடாத காலம் வந்துவிடாது. அதுவும் பாக்கியை வைத்துக்கொண்டு நிறுத்தினால் அவன் பார்வையில் அது ஏமாற்று.

எடுத்த முடிவுகள்

முதலில் பாக்கி. 675 ரூபாயையும் தருவது, பொங்கலுக்கு 400, பிப்ரவரியில் மீதி. அரையாண்டில் மார்க் குறைந்ததைக் காரணம் காட்டிப் பிடித்தம் செய்யலாமா என்று அப்பா கேட்டார். வேண்டாம் என்று அம்மாவும் நானும் ஒரே குரலில் சொன்னோம். தேதியை அந்தக் காலண்டர் தாளிலேயே எழுதி அப்பா கையெழுத்துப் போட்டார்.

மார்க்குக்குக் காசு ஜனவரியோடு சரி. வாரத்துக்கு 30 ரூபாய் கைச்செலவு இருவருக்கும், படித்தாலும் படிக்காவிட்டாலும் உண்டு. சின்னவளுக்கு அதைத் தவிர வேறு எதுவும் இல்லை, அவள் தானாகச் செய்வதில் கை வைக்க வேண்டாம் என்பதுதான் காரணம்.

பையனுக்கு மட்டும், கணக்குக்கு மட்டும், ஒரு ஏற்பாடு. ஜூனிலிருந்து எழுதிய கணக்குத் தேர்வுத் தாள்களை எல்லாம் எடுப்பது, அதில் தப்பாகிப்போன ஒவ்வொரு கணக்கையும் மறுபடி போடுவது, எங்கே தப்பினான் என்று ட்யூஷனில் இன்னொரு பிள்ளைக்கு விளக்குவது. அப்படிச் சரிசெய்த கணக்கு ஒன்றுக்கு 5 ரூபாய், அன்று சாயங்காலமே அம்மா கையால். பழைய தாள் என்று வைத்ததற்குக் காரணம் உண்டு. புதுத் தேர்வில் தப்பு செய்தால் காசு என்று ஆகிவிட்டால் அது இன்னொரு கூத்து. பழைய தாளில் தப்புகள் எழுபது சொச்சம்தான், அதற்கு மேல் ஏறாது. அதிகபட்சம் எவ்வளவு செலவாகும், எப்போது முடியும் என்பது அப்பாவுக்கும் பையனுக்கும் முதல் நாளே தெரியும். பனிக்காலத்தில் 5 ரூபாய், 10 ரூபாய் எப்படியும் டப்பாவில் இருக்கும்.

அதன் பிறகு

முதல் வாரம் வேண்டா வெறுப்பாகத்தான் வந்தான். முழுக்கள் பாடத்தில் தப்பு அதிகம், குறை எண்ணோடு குறை எண்ணைக் கூட்டினால் ஏன் இன்னும் குறைகிறது என்பது அவனுக்கு ஏறவே இல்லை. அந்தக் காலண்டர் தாளைக் கொண்டு வரச் சொன்னேன். அப்பா கையில் பணம் பூஜ்யம் என்று வைத்துக்கொள்வோம், அக்டோபரில் உனக்கு 150 தரணும், அப்ப அப்பா எங்க நிக்கிறார்? மைனஸ் 150. தங்கைக்கு 225 சேர்த்தால்? மைனஸ் 375. பொங்கலுக்கு 400 கொடுத்தால் மைனஸ் 675ல இருந்து எங்க வருவார்? "மைனஸ் 275 மிஸ்" என்று பட்டென்று சொன்னான். அப்புறம் நிமிர்ந்து பார்த்து, "இதுதான் அதுவா?" என்றான். அந்த வாரத்தில் மட்டும் பதினைந்துக்கு மேல் கணக்கைச் சரிசெய்தான். பின்ன எண்களுக்கு இப்படி ஒரு குறுக்கு வழி கிடைக்கவில்லை, அது மெதுவாகத்தான் போனது.

பொங்கல் முடிந்து 400 வந்தது, பிப்ரவரியில் மீதி வர ஒரு வாரம் தள்ளியது, ஆனால் வந்தது. பையன் தங்கையின் கடனை அடைத்தான். வட்டி இல்லாமல், அம்மா தீர்ப்புப்படி.

பிப்ரவரிக் கடைசியில் பழைய தாள்கள் தீர்ந்தன. அடுத்த தேர்வில் தப்பான கணக்குகளோடு வந்து "இதுக்கும் உண்டா மிஸ்" என்றான். இல்லை என்றேன். முகம் சுருங்கியது, இரண்டை மட்டும் போட்டுவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டான். காசு போன பிறகும் ஆர்வம் பொங்கி வழிந்தது என்றெல்லாம் எழுத ஆசைதான், அப்படி நடக்கவில்லை. ஆனால் கணக்கு நோட்டைத் திறக்கவே மாட்டேன் என்ற நிலை திரும்பவில்லை.

முழு ஆண்டுத் தேர்வில் கணக்கில் 61. தமிழ் 77, சமூக அறிவியல் 74, அதாவது காசு ஓடிய மாதங்களைவிடக் குறைவு. அறிவியல் 75. அப்பா இதைத் தோல்வியாகப் பார்க்கிறாரா என்று கேட்டேன். 38, 61 என்று இரண்டை மட்டும் விரலால் தொட்டுக் காட்டினார். அந்த 23 மார்க் 5 ரூபாயால் வந்ததா, தினமும் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து தப்பை எடுத்து எடுத்துக் காட்டியதால் வந்ததா என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. இரண்டாவதுதான் பெரும்பங்கு என்பது என் எண்ணம். 5 ரூபாய் அவனை நாற்காலியில் உட்கார வைத்தது, அவ்வளவுதான்.

சின்னவளின் மார்க்கில் ஆண்டு முழுக்க மாற்றமே இல்லை. ஜனவரியில் ஒரு ஓவியப் போட்டிக்குப் பெயர் கொடுக்கச் சொன்னபோது "ஜெயிச்சா எவ்ளோ?" என்று கேட்டாள், முந்தைய ஆண்டு கேட்காமலே வரைந்து கொடுத்தவள். நூலகப் புத்தகம் மறுபடி கையில் வந்தது ஏப்ரல் விடுமுறையில்தான். லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூவர் 1973ல் வெளியிட்ட ஆய்வில், படம் வரைவதில் ஆசையுள்ள மழலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு வரைந்தால் பரிசு என்று முன்கூட்டியே சொல்லிக் கொடுத்தபோது, பிறகு சும்மா விட்ட நேரத்தில் அவர்கள் வரைவது குறைந்துபோனது. சொல்லாமல் திடீரென்று பரிசு பெற்ற பிள்ளைகளிடம் அந்தக் குறைவு இல்லை. இவளுக்கு நடந்தது அதுதானா, வயது மாற்றமா, பக்கத்து வீட்டில் வந்த புது டிவியா, ஒரு பிள்ளையை வைத்துச் சொல்ல முடியாது. ஆனால் பையனைவிட இவளைப் பற்றித்தான் எனக்குக் கவலை இருந்தது. நன்றாகப் போய்க்கொண்டிருந்த பிள்ளை இவள்தான், இந்த ஏற்பாட்டால் இவளுக்குக் கிடைக்க வேண்டியது எதுவும் இல்லை.

இனி என்றால்

இதே கேள்வியோடு வேறு பெற்றோர் வந்தால் எடுத்ததும் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். எதற்குக் கொடுக்கப்போகிறீர்கள் என்று முதலில் கேட்பேன். மார்க்குக்கு என்றால் வேண்டாம், பிள்ளை இன்று சாயங்காலமே கையால் செய்து முடிக்கக்கூடிய ஒரு வேலைக்கு என்றால் யோசிக்கலாம். அதுவும் பிள்ளை பயந்து ஒதுங்கும் ஒரு பாடத்தில் மட்டும், எப்போது முடியும் என்று முதல் நாளே சொல்லிவிட்டு. 80, 90 என்று கோடு போடுவது கோட்டுக்கு அருகில் இருப்பவனுக்குத்தான் உதவும். அண்ணனுக்கு என்று ஆரம்பித்ததில் தங்கையைச் சேர்ப்பது நியாயம் மாதிரித் தெரிகிறது, நடப்பில் அண்ணனுக்குப் பொறாமை, தங்கைக்குக் கூலிப் புத்தி. வீட்டு வரவு மழையையும் ஏலத்தையும் நம்பியிருக்கிறது என்றால், ஆண்டிலேயே மோசமான மாதத்தில் எவ்வளவு தர முடியுமோ அதுதான் ரேட், நல்ல மாதத்துக் கணக்கில் வாக்குக் கொடுக்கக் கூடாது. தர முடியாது என்றால் தொடங்காமல் இருப்பது எவ்வளவோ மேல்.

இப்போது பையன் எட்டாம் வகுப்பு. எட்டில் எழுதும் தேசிய வருவாய் வழி மற்றும் திறன் படிப்புதவித் தொகைத் தேர்வைப் பற்றிப் பள்ளியில் சொல்லியிருக்கிறார்கள். ஆண்டு வருமானம் மூன்றரை லட்சத்துக்குள் உள்ள வீட்டுப் பிள்ளைகள், அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளி மாணவர்கள் எழுதலாம். தேர்வானால் ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை மாதம் 1,000 ரூபாய். மனத்திறனில் 90 கேள்வி, பாடத்தில் 90 கேள்வி, பாடத்தில் கணக்கும் உண்டு. "நாப்பத்தெட்டாயிரம் மிஸ்" என்று வந்து நின்றான், நான் சொல்லாமலே பெருக்கியிருந்தான். பழைய வினாத்தாள்களை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்திருக்கிறேன், வாரம் மூன்று நாள் அரை மணி நேரம் கூடுதலாக உட்காருகிறான். அப்பா ஒரு நாள் வண்டியை நிறுத்திவிட்டுக் கேட்டார்: "இதுவும் மார்க்குக்குக் காசுதான டீச்சர், கவர்மென்ட்டே குடுக்குது?" ஆமாம், ஆனால் வாங்குகிற காசு பிள்ளை நாலு வருஷம் பள்ளியில் நிற்பதற்கு என்றேன். "அவங்க பாக்கி வெப்பாங்களா?" என்று கேட்டுவிட்டு அவரே சிரித்துக்கொண்டு கிளம்பினார். பாங்கில் அவன் பெயரில் கணக்குத் தொடங்க ஆதாரில் பெயர் எழுத்து ஒன்று மாறியிருக்கிறது, அதைத் திருத்தத்தான் இப்போது அலைந்துகொண்டிருக்கிறார்கள்.